ஒன்பது கால் துண்டுகள்

இருபது துண்டுகள் இருக்க வேண்டிய டப்பாவில் பதினொன்றுதான் இருந்தன. வெள்ளைத் தட்டில் கொட்டி, விரல்நுனியால் ஒவ்வொன்றாக நகர்த்தி மூன்றாவது முறையும் எண்ணிப் பார்த்தாள். பதினொன்றேதான். கடைத் தராசுகள் ஒழுங்காக நிற்கின்றனவா என்று சோதித்து முத்திரை குத்தும் பட்டறையில் பதினாறு வருட வேலை. அரை கிராம் ஏமாற்றும் தராசைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கிறவளுக்கு எண்ணிக்கை தவறாது.

பதற்றத்துக்கான மாத்திரை அது. மூன்று வருடங்களுக்கு முன்னால் லிஃப்டுக்குள் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்தே போய்விட்டோம் என்று தரையில் உட்கார்ந்த அன்று ஆரம்பித்தது. கொஞ்ச நாளைக்கு என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருடமாக நீண்டது. பிறகு வந்த டாக்டரம்மாதான், "இதை இப்படியே தொடரவும் கூடாது, சட்டுன்னு நிறுத்தவும் கூடாது. திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டுடும். படிப்படியா இறங்கலாம்" என்றார். இறங்கி இறங்கி, இப்போது காலையில் கால் மாத்திரை, ராத்திரியில் கால். வெட்டும்போது ஒரு கால் கொழுத்தும் ஒரு கால் மெலிந்தும் விழும். அவள் பட்டறையின் நுண்தராசில் எடை பார்த்து, கொழுத்ததையும் மெலிந்ததையும் ஒரே நாளுக்கு ஜோடி சேர்த்து வைப்பாள். இரண்டு வாரத்துக்கு இருபத்தெட்டு துண்டு; நாலு நாள் போக மிச்சம் இருபது. உலகத்தில் இதைவிட நேர்மையான பங்கீடு நடக்கும் இடம் எதுவும் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் இதற்கு மதிப்பில்லை. காரணம், அண்ணன். கம்பெனி கம்பெனியாகப் போய்த் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவர். உப்பை எடு என்று கேட்பதற்கே ஒரு முன்னுரை வைப்பார். பயம் என்பது மனசின் சோம்பேறித்தனம் என்பது அவர் கண்டுபிடிப்பு. சாப்பாட்டு மேஜையில் தங்கையைப் பார்த்துச் சொல்லிச் சொல்லியே அதைப் பதம் பார்த்துவிட்டு மேடைக்குக் கொண்டுபோனார்.

நேற்று அவருக்குப் பெரிய கூட்டம். இன்று காலை பத்தாகியும் போர்வைக்குள் இருந்தார். ஜுரம் என்று அண்ணி சொல்லியிருந்தாள். தங்கை தட்டோடு போய்க் கட்டில் ஓரத்தில் நின்றாள்.

"அண்ணா, என் மாத்திரையில ஒன்பது துண்டு எங்க?"

"எந்த மாத்திரை?" கண் திறக்கவில்லை.

கதவருகே நின்ற அண்ணி பொறுமை இழந்தாள். "சொல்லித் தொலைங்க. ஊருக்கெல்லாம் உண்மை பேசக் கத்துக்குடுக்கறீங்க."

போர்வை மெதுவாக இறங்கியது. "எண்ணூறு பேரும்மா. திரை விலகறதுக்கு முன்னாடியே காலு ரெண்டும் தந்தி அடிக்குது. எதுக்கும் இருக்கட்டும்னு காலையிலயே கொஞ்சம் பொட்டலம் கட்டி வச்சிருந்தேன். துண்டு துண்டா இருந்துதா, குழந்தைக்குக் குடுக்கற அளவுன்னு நெனச்சிட்டேன். மூணு போட்டேன். இருபது நிமிஷம் ஆச்சு, ஒண்ணும் தெரியல. இன்னும் மூணு."

"அப்புறம் இன்னும் மூணா?"

"ஆமா. பொட்டலத்துல அவ்வளவுதான் இருந்துச்சு."

"எழுந்து நில், உலகம் உனக்குன்னு சொல்லிட்டு நாற்காலியில உக்காந்தாராம்," என்றாள் அண்ணி. "அப்புறம் எழுந்திருக்கவே இல்ல. தியானம் பண்றார்னு நெனச்சு எண்ணூறு பேரும் கண்ண மூடிக்கிட்டாங்களாம். டாக்ஸியில போட்டு அனுப்பி வச்சாங்க."

வேறொரு நாளாக இருந்தால் தங்கை சிரித்திருப்பாள். "நல்லவேளை, மேல தண்ணி கிண்ணி போடல. போட்டிருந்தா மூச்சே நின்னிருக்கும்," என்றாள்.

பதினொரு துண்டு ஐந்தரை நாளைக்கு வரும். அடுத்த மருந்துச் சீட்டுக்கு இன்னும் பத்து நாள். அதற்கு முன்னால் மருந்துக்கடையில் ஒரு தூள்கூடத் தர மாட்டார்கள். டாக்டரம்மாவிடம்தான் போக வேண்டும். முதல் நாளே அவர் சொல்லியிருந்தார்: "தொலைஞ்சு போச்சு, தண்ணியில விழுந்துடுச்சுன்னு தினமும் நாலு பேர் வந்து நிக்கறாங்க. நீங்க அஞ்சாவது ஆளா வந்துடாதீங்க." பதினொரு மாதமாக ஒரு நாள் தவறாமல் குறித்துக் கொண்டுபோய்க் காட்டிய நோட்டு அவள் கைப்பையில் இருந்தது. இன்று போய் ஒன்பது குறைகிறது என்றால் அந்த நோட்டில் எந்தப் பக்கத்தை அவர் நம்புவார்?

"சிங்க்ல கொட்டிடுச்சுன்னு சொல்லிடேன்," என்றார் அண்ணன். "உன்ன யாருக்குத் தெரியும்? என் மூஞ்சி பஸ் பின்னாடியெல்லாம் ஒட்டியிருக்கு."

"அப்ப நல்லதாப் போச்சு. டாக்டரம்மாவுக்கு அறிமுகம் பண்ண வேண்டியதில்ல. சட்டையப் போடு."

"ஏம்மா, குடும்ப மானம்..."

"மூணு வருஷமா நான் இந்த வீட்டுல பயந்தாங்கொள்ளி. மாமா வந்தாலும் மச்சான் வந்தாலும் என்னக் காட்டித்தான் நீ வகுப்பெடுப்ப. அப்பல்லாம் குடும்ப மானம் எங்க, லீவுல போயிருந்துச்சா? இந்தத் துண்டு ஒவ்வொண்ணும் நான் நடுங்கி நடுங்கி இறங்கின படி. நான் பொய் சொல்ல மாட்டேன். நீ வந்து உன் வாயால சொல்ற. வரலைன்னா நானே நடந்தத நடந்தபடி சொல்வேன், எண்ணூறு பேரையும் சேர்த்து."

"உனக்கு எங்கேருந்து இவ்வளவு தைரியம் வந்துச்சு?"

"கால் கால் மாத்திரையா வந்துச்சு. கிளம்பு."

கார் சாவிக்கு அவர் கை நீட்டினார். அவள் அதை எடுத்து அண்ணியிடம் கொடுத்தாள். "உனக்கு இன்னும் கண்ணு சொக்குது. நாளைக்கு ஓட்டலாம்."

காத்திருப்பு அறையில் பதினாலு நாற்காலி. அண்ணன் கறுப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பெண்மணி அவரை உற்றுப் பார்ப்பதும் தன் கணவரின் விலாவில் இடிப்பதுமாக இருந்தாள். தங்கைக்கும் நெஞ்சு அடிக்கத்தான் செய்தது. டாக்டரம்மா நம்பாமல் போகலாம். ஆறாவது நாள் கை காலெல்லாம் உதறலாம். நெஞ்சு அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

நர்ஸ் தலையை நீட்டினாள். "அடுத்து யாரு? பேஷண்ட் மட்டும் முதல்ல உள்ள வாங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. அண்ணன் அவளைப் பார்த்தார். நர்ஸும் பார்த்தாள். கடைசியில் அவர் எழுந்து, நாற்காலி முதுகுகளைப் பிடித்துப் பிடித்து நடந்தார். பாதி வழியில் நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவள் கையை நீட்டிக் கதவைக் காட்டினாள். அவர் உள்ளே போகிறவரை அவள் விரலை மடக்கவில்லை.