அப்பா பேசிய வீடு

கூடத்தில் கிடந்த புத்தகக் கட்டுகளை மகள் காலால் தள்ளித் தள்ளி ஓரம் கட்டினாள். வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டாமா? எழுதிக்கொண்டிருந்த மேசையிலேயே விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார் அப்பா.

ஒரே ஒரு எழுத்தாளரின் வாழ்க்கையை எழுதியே தன் வாழ்க்கையைத் தீர்த்த மனுஷன். அந்த ஆள் எந்தக் கடையில் செருப்பு வாங்கினார், யாரோடு சண்டை போட்டுக்கொண்டார், எல்லாம் அத்துப்படி. பெற்ற மகள் எந்த வகுப்பு என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். அம்மா போன பிறகு இந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதே சும்மா ஒரு பேச்சுக்குத்தான். தன்னை அவர் ஒரு தடவையாவது கவனித்திருப்பாரா? கேட்டிருக்கலாம். இனி யாரைக் கேட்பது?

வந்தவர்கள் சொற்பம். பதிப்பாளர் பூவை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வந்த ஒரு வயதான அம்மாள், அப்பாவின் காலடியில் நின்று விசும்பி விசும்பி அழுதாள்.

"நான் அந்த எழுத்தாளரோட பொண்ணும்மா. உங்கப்பா வாராவாரம் எங்க வீட்டுக்கு வருவார்."

மகளுக்கு வயிறு எரிந்தது. "அங்கயாவது பேசுவாரா?" என்றாள் குத்தலாக.

"நாங்க வீட்டு விஷயத்தை லேசுல வெளிய விடமாட்டோம். அதனால மொதல்ல அவர் வீட்டுக் கதை ஒண்ணு சொல்வார். அப்புறம் எங்க கதை ஒண்ணு கேட்டு வாங்கிப்பார். பாதி உன் கதைதான். நீ சைக்கிள்ல விழுந்தது, சொல்லாமக் கொள்ளாம முடிய வெட்டிட்டு வந்தது..."

மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ கல்யாணத்த நிறுத்தினப்ப சொந்தக்காரங்க எல்லாம் திட்டினாங்களாமே. 'அவ செஞ்சதுதான் சரி, நான்தான் அவ பக்கத்துல போய் நிக்காம இருந்துட்டேன்'னார். அன்னிக்கு எங்ககிட்ட எதுவுமே கேக்கல. அப்படியே எழுந்து போயிட்டார்."

மகளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இதை இங்கே, இந்தக் கூடத்தில் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

"உன்கிட்டயும் சொல்லியிருப்பாரே?" என்றாள் அந்த அம்மாள்.

"சொன்னார்." அந்நியர் முன்னால் அப்பாவை விட்டுக்கொடுக்க மகளுக்கு மனம் வரவில்லை.

"என்னன்னு சொன்னார்?"

மகள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். வாய் திறந்துகொள்ளாமலிருக்க, காலையில் அவளே வெள்ளைத் துணியால் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தாள்.