குப்பைப் பெட்டியில் ஓர் அப்பா

எங்கள் பதிப்பகத்தின் மெயில் சர்வரைப் புது மென்பொருளுக்கு மாற்றி முடித்த வெள்ளிக்கிழமை, எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்திருந்தது. முப்பத்தெட்டுப் பேருடைய கடிதங்களும் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டன. இரண்டு பேருக்குப் பாஸ்வேர்ட் மக்கர் செய்தது. விற்பனைப் பிரிவில் ஒருவருக்கு எல்லா மெயிலும் இரட்டை இரட்டையாக வந்தது. அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, மெய்ப்புத் திருத்தும் அக்கா என் மேசைக்கு வந்தார். வரும்போதே யாரையாவது கிண்டல் செய்துகொண்டு வருபவர், அன்று நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேசாமல் உட்கார்ந்தார்.

"தம்பி, என் மெயில்ல குப்பைப் பெட்டி காலியா இருக்கே?"

"நல்லதுதானேக்கா."

"அதுலதான் எங்கப்பா இருக்காரு."

தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தபின் அவருடைய அப்பாவால் பேச முடியவில்லை. மூன்று வருடம், மகள் ஆபீஸ் வந்த நாளெல்லாம் மதியம் வீட்டிலிருந்து அவருக்கு மெயில் எழுதினார். சாப்பிட்டாயா, கேஸ் தீர்ந்துவிட்டது, பூனை உன் செருப்பின்மேல் படுத்திருக்கிறது. போன வருடம் அவர் காலமானார்.

அவற்றைக் குப்பைப் பெட்டியில் வைக்கச் சொன்னவனே நான்தான். பழைய மென்பொருளில் ஆளுக்குக் கொஞ்சம்தான் இடம். குப்பைப் பெட்டி மட்டும் அந்த அளவில் சேராது. வேலைக்கு வந்த புதிதில் அதைக் கண்டுபிடித்த பெருமையில் ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்தேன். பிறகு சுத்தமாக மறந்துபோய், மாற்றும்போது குப்பையை மட்டும் நகலெடுக்காமல் விட்டுவிட்டேன். பேக்கப்பிலும் அது இல்லை.

மிச்சம் இருந்தது பழைய சர்வர் ஒன்றுதான். அதைச் சனிக்கிழமையே ஸ்டோர் அண்ணனிடம் கொடுத்திருந்தேன். ஆபீஸில் அவருக்கு 'நாளைக்கு' என்றுதான் பெயர். பல்பு கேட்டாலும் நாளைக்கு, பேனா கேட்டாலும் நாளைக்கு. அதனால் இந்த ஹார்ட் டிஸ்க்கையாவது இன்றே அழித்துவிடுங்கள் என்று அவரைப் பிடித்து உலுக்காத குறையாகச் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவரும் சரி என்றார்.

இரண்டு பேரும் படியிறங்கினோம். ஒரு மனிதர் திருந்தாமல் இருக்க வேண்டும் என்று நான் அவ்வளவு உருக்கமாக வேண்டியதே இல்லை.

ஸ்டோரில் அண்ணன் டோனர் டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அந்த டிஸ்க்கை அழிச்சிட்டீங்களாண்ணே?"

அவர் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க. நாளைக்குக் கண்டிப்பா முடிச்சிடறேன்."

அக்கா அங்கிருந்த உடைந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்கள் நிறைந்திருந்தன. அண்ணன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். விஷயத்தைச் சொன்னதும், ஒருமுறை ஒரு லேப்டாப்பை அழித்த மறுநாளே அதற்குச் சொந்தக்காரர் தேடி வந்து நின்றதாகவும், அன்றிலிருந்து எதையும் ஒரு வாரம் வைத்திருந்துதான் அழிப்பதாகவும் சொன்னார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொன்னா நீங்க திட்டுவீங்களே."

பழைய சர்வரின் மின்விசிறி தொண்டையைச் செருமிக்கொண்டு சுழன்றது. எழுநூற்றுச் சொச்சம் கடிதங்கள், ஒன்று விடாமல் இருந்தன. புது சர்வரில் தனியாக ஒரு பெட்டி போட்டு எல்லாவற்றையும் மாற்றினேன். அக்கா கடைசிக் கடிதத்தைத் திறந்தார். குடையை விட்டுவிட்டுப் போய்விட்டாய், மழை நின்றதும் கிளம்பு என்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். அக்கா அந்த வெயிலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஸ்டோர் அண்ணனுக்கு நன்றி சொல்லி நீளமாக ஒரு மெயில் எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை. அவசரமில்லை, நாளைக்கு வரட்டும்.