ஒரு வேண்டுதலுக்கு ஒரு மில்லிமீட்டர்

சசிரேகாவின் இடது கன்னத்தில் இருந்த டைட்டானியக் கம்பி, ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு மணி நேரத்தில், பதினாறு மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் பதினொரு சென்டிமீட்டராக வளர்ந்தது. அளந்தவன் அவள் வேலை செய்யும் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவு ரகு. முதலில் வெர்னியர் காலிப்பரால் அளந்தான். பிறகு ஸ்டீல் ஸ்கேலால். கடைசிப் பத்து நாள், ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்கிய டேப்பால். அளவில் பிழை இருக்க வாய்ப்பில்லை. அந்த டேப்புக்கு டிசம்பர் வரை சான்றிதழ் இருக்கிறது.

கம்பி குத்தப்பட்டது படப்பையில், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மாலை நான்கு மணிக்கு. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே செல்போன் கடை மாடியில் மெர்சி பச்சை குத்துகிறாள், காது மூக்கு குத்துகிறாள். கன்னத்தில் குத்தச் சொல்லி வந்த முதல் ஆள் சசிரேகா. "சிரிச்சா குழி உழற எடத்துலயா?" என்று மெர்சி இரண்டு முறை கேட்டாள். எதற்கு என்று ஒரு முறை கேட்டாள். சசிரேகா ஒரே சொல்லில் பதில் சொன்னாள். "அது போதுமே, வேற இன்னா வோணும்" என்று மெர்சி கையுறையை மாட்டிக்கொண்டாள். "மூச்ச இழு கண்ணு. ம், வுடு." ஊசி வெளியே வந்தபோது சசிரேகாவின் இடது கண்ணில் மட்டும் நீர் வந்தது.

பிறகு மெர்சி விதிகளைச் சொன்னாள். தினம் இரண்டு வேளை உப்புத் தண்ணீர். கம்பியைத் திருகக் கூடாது. மஞ்சள், வேப்பெண்ணெய், விபூதி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. "மொதல்ல போடறது நீளமாத்தான் இருக்கும், வீங்குமில்ல, அதுக்கு. ஆறு வாரம் ஆவட்டும், வத்திடும். வந்தா சின்னதா மாத்தி வுட்றேன். ஏழு வாரம் தாண்டுச்சின்னு வெய்யி, கம்பி இழுத்து இழுத்து துளை கோணிக்கும். தழும்பு சாவுற வரைக்கும் போவாது." சசிரேகா வேதியியல் பட்டதாரி. இருநூற்றைம்பது மில்லி கொதித்து ஆறிய நீருக்கு இரண்டே கால் கிராம் உப்பு என்று அன்றிரவே எடைபோட்டுக் கலந்தாள். நாட்காட்டியில் ஏழு வாரங்களை எண்ணி, அவை முடிவதற்கு முந்தைய நாளில், நாற்பத்தெட்டாம் நாளில், ஒரு புள்ளி வைத்தாள். அது ஒரு சனிக்கிழமை.

திங்கள் காலை வல்லம் வடகால் தொழிற்சாலையின் இரண்டாம் நுழைவாயிலில் உலோகம் காட்டும் கருவி கத்தியது. அந்தத் தொழிற்சாலையில் மூக்குத்திக்கு டேப் ஒட்ட வேண்டும், மெட்டியைச் சாக்ஸுக்குள் மறைக்க வேண்டும், கொலுசு கூடாது. மத வழக்கம் என்றால் மட்டும் ஒரு மண்டலத்துக்கு, அதாவது நாற்பத்தெட்டு நாளுக்கு, அனுமதி உண்டு. மனிதவளப் பிரிவில் கவிப்பிரியா மேடம் படிவத்தை எடுத்துக் காரணம் கேட்டாள். சசிரேகா பேசப் பயப்படுகிற பெண். அவள் வாயைத் திறப்பதற்குள் எதிரில் இருப்பவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவது வழக்கம். அன்று கன்னம் வேறு ஆப்பம்போல் வீங்கியிருந்தது. மெர்சியிடம் சொன்ன அதே சொல்லைத்தான் சொன்னாள். கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டைக்குப் போகிற கவிப்பிரியா மேடம், தன் காதில் விழுந்ததை எழுதினாள்: அலகு.

"முருகனுக்கா? சொல்லவே இல்ல பாரேன்" என்று எழுந்து நின்று, செருப்பைக் கழற்றி, அந்தச் சின்னக் கம்பியின் முன் ஒரு கணம் கண்ணை மூடினாள். அவள் கேட்டது பதவி உயர்வு. சசிரேகா தலையை ஆட்டினாள். அந்த ஆட்டல் ஆமாம் என்றும் இல்லை என்றும் படும். மறுநாள் கம்பி பதினேழு மில்லிமீட்டர் இருந்தது.

வீட்டில் அம்மா சந்திரம்மாள் முதல் நாள், "பொட்டப்புள்ள மூஞ்சில ஆணி அடிச்சிக்கினு வந்து நிக்குது பாரு, த்தூ" என்றாள். செவ்வாய்க்கிழமை கம்பெனி பஸ்ஸோடு சேதி ஊருக்குள் வந்தது. புதன்கிழமை அதே சந்திரம்மாள் தண்ணீர்க் குழாயடியில், "எம்பொண்ணு வாயத் தொறக்காம வேண்டிக்கினுகீறா, நான்தான் பாவி, தெரியாம பேசிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றே கம்பியிடம் ஒரு வரன் கேட்டாள். மூன்றாம் வாரம் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்து, தங்கள் தங்கள் வேண்டுதலைச் சொல்லி, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பெண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வேண்டுதலுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று கணக்கைக் கண்டுபிடித்தவனும் ரகுதான். நான்காவது லைன் சூப்பர்வைசர் லோகேஷின் வேண்டுதலுக்கு மட்டும் நான்கு மில்லிமீட்டர் வளர்ந்தது. பழுதே இல்லாத லைன் வேண்டும் என்று அவன் கேட்டிருந்தான். அது பலித்தது. பழுதை எண்ணுகிற ஆட்கள் வேண்டுதல் வைக்க வரிசையில் நின்றதால் பழுதுகள் எண்ணப்படவில்லை. கேன்டீனில் சாம்பார் கெட்டியாக வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கெட்டியான சாம்பார் வந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் எழுநூறு பேர் நிரந்தரம் கேட்டார்கள். அது மட்டும் நடக்கவில்லை. கம்பி அதற்கும் எழுநூறு மில்லிமீட்டர் வளர்ந்தது.

நிர்வாகம் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தது. சசிரேகாவுக்கு இடப்பக்கம் இருந்த இரண்டு இருக்கைகளை எடுத்துவிட்டு, கம்பி வந்து போகும் இடத்துக்குத் தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். கூர்முனை ஆபத்து என்று பாதுகாப்புப் பிரிவு ஆட்சேபித்ததால் முனையில் எலுமிச்சம்பழம் செருகப்பட்டது. திங்கள்தோறும் பழம் மாற்ற வேண்டும், மாற்றியவர் கையெழுத்திட வேண்டும். பஸ்ஸில் அவளுக்கு இடப்பக்க ஜன்னல். வெளியே நீண்ட முனையில், இரும்புக்கம்பி ஏற்றிய லாரிக்குக் கட்டுவதுபோல் டிரைவர் சிவப்புத் துணி கட்டினார். கதவுகளில் அவள் நண்டுபோல் பக்கவாட்டில் நுழையக் கற்றுக்கொண்டாள். வலப்பக்கமாகத்தான் படுக்க முடியும், கம்பி கூரையைப் பார்த்து நிற்கும் என்பதால், அக்னி நட்சத்திரத்தில் வீட்டு மின்விசிறியைக் கழற்றினார்கள். எடை மட்டும் தொந்தரவில்லை. அந்தத் தடிமனுக்கு இரண்டு மீட்டர் டைட்டானியம் பதினெட்டு கிராம்தான். அவள் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள்.

தொந்தரவு துளையில் இருந்தது. கழுவி முடிப்பதற்குள் யாராவது விபூதி வைத்தார்கள். ஒரு நாள் மஞ்சள், ஒரு நாள் குங்குமம். கழுவிய உப்புத் தண்ணீரை லேடீஸ் ஹாஸ்டல் பெண்கள் தீர்த்தமாகப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஐந்தாம் வாரம் துளையின் கீழ்விளிம்பு சிவந்து, கோழிமுட்டை வடிவத்துக்கு வந்தது. போனில் படம் பார்த்த மெர்சி, "சாமியாடிங்க கிட்டல்லாம் மூஞ்ச குடுத்துட்டு நிக்கிறியா? ஏழாவது வாரம் சனிக்கெழம ஏழு மணி வரைக்கும் கட தொறந்துதான் இருக்கும். வரல, அப்புறம் என்னால ஒண்ணியும் பண்ண முடியாது" என்றாள்.

நாற்பத்தெட்டாம் நாள், சனிக்கிழமை, மூன்றரை மணிக்கு சசிரேகா இரண்டு மணி நேர பர்மிஷன் கேட்டு மனிதவளப் பிரிவுக்குப் போனாள். அங்கே லோகேஷ் ஏற்கெனவே இருந்தான். மேசையில் ஒரு படிவம் நிரப்பித் தயாராக இருந்தது. ஜூன் முப்பதாம் தேதி ஆடிட் முடியும்வரை அலகு நீட்டிக்கப்படுகிறது. நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதியின்றி நீளம் குறைக்கப்படாது. ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம்.

"ஒரு கையெழுத்து போடும்மா" என்றான் லோகேஷ். "இன்னைக்கும் ரிஜெக்ட் பூஜ்ஜியம். எல்லாம் உன் புண்ணியம்."

"சாமி காரியத்துல நாள் கணக்கு பாக்கக் கூடாது சசி" என்றாள் கவிப்பிரியா மேடம். அவளுக்குப் பதவி உயர்வு ஆணை வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. "காரணம் பழையதேதான் எழுதியிருக்கேன். நீ ஒண்ணும் பேச வேணாம்."

சசிரேகா பேனாவை வாங்கினாள். காரணம் என்ற இடத்தில் இருந்த மூன்று எழுத்துகளைப் படித்தாள். நடு எழுத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு நாக்கால் கன்னத்தின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் முழுவதும் வற்றியிருந்தது. நாக்கு மேலண்ணம் வரை வளைந்து போய் வந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு. அவள் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டுக் கவிப்பிரியா மேடத்தின் பக்கம் திரும்பினாள். லோகேஷ் பழக்கத்தில் குனிந்தான். எலுமிச்சம்பழம் அவன் தலைக்கு மேலாகப் போய் அலமாரிக்கு முன்னால் நின்றது.

"அலகு இல்ல மேடம்" என்றாள் சசிரேகா. "அழகு."