டீப்பாய்க்குள் வந்த துணிகள்

மேல்பலகையைத் தூக்கினால் சாப்பாட்டு மேசையாகும் டீப்பாய் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அக்காவுக்கும் தங்கைக்கும் நாற்பத்தாறு நாட்கள் ஆயின. அந்த நாட்களில், தங்கை கட்டிலுக்கடியில் ரகசியமாகக் கட்டி வைத்திருந்த பெட்டியின் சாமான்கள் ஏழு கடைகளின் டீப்பாய்களுக்குள் இருந்து வெளியே வந்தன.

அக்கா ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். அப்பா அம்மா போனபின் பதினான்கு வருடங்களாக இருவரும் பத்தடி ஹாலில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். இப்போது அக்காவின் முழங்கால் மடங்க மறுத்தது. அதனால்தான் இந்த அலைச்சல். தங்கைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. அக்காவைத் தனியாக விட்டுப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்வதற்குப் பதிலாகப் பெட்டி கட்டினாள்.

அக்கா கடைக்குக் கடை இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளைப் பையில் எடுத்துப் போனாள். பலகையை உயர்த்தி, தட்டுகளை எதிரெதிராக வைத்து, நடுவில் கிண்ணத்துக்கு இடமிருக்கிறதா என்று பார்ப்பாள். முதல் கடையில், பலகைக்கு அடியில் இருந்த மறைவு அறையில் தங்கையின் நீல ஸ்வெட்டர் மடித்தபடி கிடந்தது. "அது டீப்பாயோட வராதுங்க," என்றார் விற்பனையாளர். தங்கை அதை எடுத்துக் கைப்பையில் திணித்தாள். டீப்பாயின் கால் ஆடுகிறது என்று மட்டும் சொன்னாள் அக்கா.

இரண்டாவது கடையில் துண்டும் மூன்று ஜோடி காலுறைகளும். "போன வாரம் ஒருத்தருக்கு மாமனாரோட பல்செட்டே இருந்துச்சுங்க," என்று அந்தக் கடைக்காரர் ஆறுதல் சொன்னார். பிறகு சான்றிதழ்கள், செருப்பு, பாதி தீர்ந்த பற்பசை. வீடு திரும்பியதும் தங்கை எல்லாவற்றையும் பெட்டியில் திரும்ப வைப்பாள். அடுத்த கடையில் வேறொன்று இருக்கும். வாங்கிவிட்டால் இரண்டு பேருக்கென்று வாங்கியதாகிவிடும், பிறகு கிளம்ப முடியாது என்பதால் தங்கை ஒவ்வொன்றிலும் குறை கண்டாள். நிறம் மங்கல், கீல் கிறீச்சிடுகிறது, விரல் நசுங்கும்.

"டீப்பாய்க்கே இத்தனை நொட்டை சொல்றே. மாப்பிள்ளைன்னு ஒருத்தன் வந்தா ஓடியே போயிடுவான்டி," என்றாள் அக்கா. பேருந்தில் இருவரும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியபடி திரும்பினார்கள்.

ஏழாவது கடையில் பலகை சத்தமில்லாமல் எழுந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே தங்கையின் வேலை நியமன உத்தரவு மட்டும் இருந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரத்தப் பரிசோதனை முடிவைப் படிப்பதுபோல் ஒரு வரி விடாமல் படித்தாள்.

"வேலையில சேர நாளைக்குத்தான் கடைசி நாளா?"

"நான் போகலக்கா. நீ தனியா எப்படி..."

"உள்ள இருக்கிறதையும் சேர்த்தே பேக் பண்ணிடவாம்மா?" என்று கேட்டார் விற்பனையாளர்.

"வேணாங்க, இது அவ கையில இருக்கட்டும்," என்று அக்கா காகிதத்தை நான்காக மடித்துத் தங்கையிடம் கொடுத்தாள். விற்பனைக்கு வைத்திருந்த சோபா ஒன்றில் உட்கார்ந்து முழங்காலை மெல்ல நீட்டினாள். தங்கை அழத் தொடங்கியிருந்தாள்.

"அழாத. உன்கிட்ட கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. அசதிதான்," என்றாள் அக்கா. "எனக்குத் தனியா இருக்கணும்னு ஆசைடி. ரொம்ப வருஷமாவே."