நிற்கும் துடுப்பு

அவனை எல்லோரும் அவசரக்குடுக்கை என்றுதான் கூப்பிட்டார்கள், பெற்ற தாய் உட்பட. உட்காரச் சொன்னால் நின்றபடியே சாப்பிடுவான். நிற்கச் சொன்னால் அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருப்பான். தலைக்குத் தடவும் ஜெல் செய்யும் தொழிற்சாலையில், அக்கா வேலை பார்க்கும் கலவைப் பிரிவிலேயே அவனுக்கும் வேலை கிடைத்தபோது, அவளுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம்.

அங்கே பதம் பார்ப்பது துடுப்பை வைத்துத்தான். ஆளுயரத்தைவிட ஆழமான தொட்டியில் மரத்துடுப்பைச் செருகுவார்கள். சாயாமல் நின்றால் ஜெல் சரியான பதம். அன்று மதியம் கரண்ட் போய், தொட்டியின் அடியில் சுற்றும் கலக்கி பாதியில் நின்றது. அவனையும் அக்காவையும் தவிர மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். துடுப்பு நட்டுவைத்த மாதிரி நின்றது. அவன் கை தவறி விழுந்த டப்பா மூடிகூட மூழ்காமல் மேலேயே கிடந்தது.

"துடுப்பே நிக்குது, நான் நிக்க மாட்டேனா?" என்றவன், அக்கா வாய் திறப்பதற்குள் அந்த மூடியை எடுக்கத் தொட்டியின் ஏணியிலிருந்து தாவிவிட்டான்.

துடுப்பின் எடை எங்கே, இவன் எடை எங்கே? தாங்குகிற வரைக்கும் கெட்டியாக இருக்கும் ஜெல், தாங்காது என்றதும் இளகி வழிவிட்டது. மார்புவரை போய்விட்டான். காலை உதைத்தான். உதைக்க உதைக்க இன்னும் இளகியது, கழுத்துக்கு வந்துவிட்டது.

"ஆடாதடா. நீ ஆடினா அது தண்ணி. சும்மா இருந்தா அதுவே உன்னைப் பிடிச்சுக்கும்."

அவன் அடங்கினான். கண்ணாடி மாதிரியான ஜெல்லுக்குள் அவன் கால்கள் தெரிந்தன. கனத்த பூட்ஸுக்குக் கீழே கலக்கியின் இரும்பு இறக்கைகளும் தெரிந்தன. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கலக்கியின் சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. கரண்ட் வந்தால் கலக்கி தானாகச் சுற்றும். சுவிட்சோ கூடத்தின் மறுகோடியில் இருந்தது.

"போகாதக்கா."

"போகணும்டா. நான் வர்ற வரைக்கும் ஆடக் கூடாது."

ஓட முடியவில்லை. அவள் நின்ற இரும்புத் தளம் தொட்டியோடு சேர்ந்தது. ஓடினால் தொட்டி அதிரும், ஜெல் இன்னும் இளகும். செருப்பைக் கழற்றிவிட்டு அடிமேல் அடிவைத்து நடந்தாள். 'மெதுவாப் போடா' என்று காலமெல்லாம் அவனைத் திட்டியவளுக்கு, மெதுவாகப் போவது எவ்வளவு கொடுமை என்று அன்றுதான் தெரிந்தது. பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்கவும் பயம். சுவிட்சின் கைப்பிடியை இழுத்து இறக்கினாள். கையை எடுப்பதற்குள் தலைக்குமேல் விளக்குகள் எரிந்தன. கலக்கி சுற்றவில்லை.

திரும்பி வந்தபோது ஜெல் அவன் கீழுதட்டைத் தொட்டிருந்தது. கன்னத்தருகே ஒரு காற்றுக்குமிழ் ஏறாமல் அப்படியே நின்றது. அவனும் அப்படியே நின்றான். கண் மட்டும் அவளைத் தேடியது. அவள் சத்தம் வராமல் அழுதாள்.

சாப்பிட்டு வந்தவர்கள் பலகை போட்டு, அக்குளில் கயிறு கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார்கள். பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது.

சாயங்காலம் வீட்டில் அம்மா தட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள். "அதிசயமா இருக்கே, அவசரக்குடுக்கை இன்னிக்கு உக்காந்து சாப்பிடப் போகுதா?"

அவன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. கை தட்டுக்குப் போகவில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளைத் தொட்டாள்.

"முடிஞ்சு போச்சுடா. இப்ப ஆடலாம்."

அவன் உதடு அசையாமல், மூச்சுக்காற்றிலேயே கேட்டான்.

"சுவிட்ச அணைச்சிட்டியாக்கா?"