உலைக்குப் போகாத சங்கிலி

என் கணவர் ஜோஷ்வா இறந்தது 2003இல், கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஓர் ஆலையில். கிரேன் சங்கிலி அறுந்து, இரும்புக் கட்டு அவர் மேல் விழுந்தது. அந்தச் சங்கிலியில் ஒரு வளையம் வாய் பிளந்திருப்பதை மேனேஜரிடம் அவர் பலமுறை சொல்லியிருந்தார். "இன்னும் ஒரு மாசம் ஓட்டுங்கப்பா" என்பதுதான் பதிலாக இருந்தது.

அந்த ஆலையில் எந்த இரும்பும் வீணாகாது. ஓட்டை வாளி, துருப்பிடித்த சைக்கிள், கப்பல் தகடு எல்லாம் உலைக்குப் போகும். அறுந்த சங்கிலியையும் "ஸ்கிராப்புல போடு" என்றிருக்கிறார் மேனேஜர். என் கணவரோடு வேலை பார்த்த அரசப்பன் விடவில்லை. ஆளைக் கொன்ற இரும்பை உருக்கக் கூடாது, தண்ணீரில்தான் விட வேண்டும் என்பது அங்கே உழைத்தவர்களின் கட்டுப்பாடு. போலீஸ் வருவதற்குள் அவனும் கூட்டாளிகளும் சங்கிலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பழவேற்காடு ஏரியில் போட்டுவிட்டார்கள்.

"அத்த உருக்கினா கம்பியாகி யாரு ஊட்டு கூரையிலயோ போய் குந்திக்கும் அண்ணி. அண்ணனுக்கு செய்ய வேண்டியத செஞ்சிட்டோம்" என்றான் அடக்கத்தன்று. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சங்கிலி நன்றாகத்தான் இருந்தது, ஜோஷ்வா இரும்புக் கட்டைக் கோணலாக மாட்டியதால் வந்த வினை என்றது மேனேஜர் தரப்பு. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அவர் தன் கவனக்குறைவால் சாகவில்லை என்று ஒரு நீதிபதி எழுத வேண்டும். பொன்னேரி கோர்ட்டில் அரசப்பன் கூண்டேறி நடந்ததை நடந்தபடி சொன்னான், சங்கிலியை ஏரியில் போட்டது உட்பட. மாஜிஸ்திரேட் அவனை நம்பினார். மேனேஜருக்கு ஓராண்டுத் தண்டனை கிடைத்தது. அன்று ராத்திரி வெகுநாள் கழித்துத் தூங்கினேன்.

மேல்முறையீட்டுத் தீர்ப்பு 2008இல் திருவள்ளூரில் வந்தது. எங்கள் வக்கீல் சலாஹுதீன் தாழ்வாரத்துக்கு வந்து மெதுவாகச் சொன்னார்.

"விட்டுட்டாங்கம்மா. சங்கிலி கோர்ட்டுக்கு வரல, யாரும் அத பரிசோதிக்கல. நம்ம சாட்சியே ஏரியில போட்டேன்னு சொல்றான். மேனேஜர் உலையில போடச் சொன்னதுக்கும் வேற ஆதாரம் இல்ல. சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது மேனேஜருக்குன்னு ஜட்ஜ் எழுதிட்டார்."

"எங்க ஊட்டுக்காரரப் பத்தி?"

"கட்டு தப்பா மாட்டப்பட்டிருக்கலாம்னு ஒரு வரி இருக்கு."

"இருக்கலாம்னா இன்னா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

படிக்கட்டுக்குக் கீழே அரசப்பன் டீயோடு நின்றிருந்தான். "இன்னா அண்ணி, மேனேஜருக்கு களி உண்டா இல்லியா?" என்று சிரித்தான்.

"இல்லப்பா. விட்டுட்டாங்க."

"ஏன்?"

என்னால் சொல்ல முடியவில்லை. பின்னால் இறங்கி வந்த வக்கீல்தான் சொன்னார், "அந்த சங்கிலி மட்டும் இருந்திருந்தா..." அரசப்பன் டீயைக் குடிக்காமலே படியில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி சின்னப்பொண்ணு சர்ச் வாசலுக்கே ஓடி வந்தாள். "அவரு காலைலேர்ந்து ஏரியில எறங்கிக்கினு ஏற மாட்டேங்கிறாரு அண்ணி. நீங்க சொன்னாதான் கேப்பாரு."

நான் போனபோது மார்பளவுத் தண்ணீரில் நின்று காலால் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தான். படகில் போன ஒருவர், "யோவ், நண்டு புடிக்க வலை வாணாமா?" என்று கத்தினார். அவன் திரும்பவில்லை.

"ஏறி வா, அரசப்பா."

"எடம் தெரியும் அண்ணி. இங்கதான். எடுத்துக் குடுத்தா மாத்தி எழுத மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

சிப்பி கிழித்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "உலையில போட்டிருந்தாலும் இதே தீர்ப்புதான?"

"இதேதான்" என்றேன். எடுத்து ஒளித்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுபடியும் மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினான். கரையில் கிடந்த அவன் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.