ஐந்நூறா, நாற்பத்து நான்கா

துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, அதற்கு எந்த அளவுத் தோட்டா பொருந்தும் என்று வாடிக்கையாளரே சொல்ல ஆரம்பித்தால் ஹாலிஸ் பென்ரோடுக்குப் பிடிக்காது. வயோமிங்கில், டுபோயிஸ் ஊருக்கு வெளியே ஆற்றை ஒட்டி இருந்தது அவருடைய பட்டறை. ஆறு மாநிலங்களிலிருந்து ஆட்கள் ரிவால்வரைத் தூக்கிக்கொண்டு அங்கே வருவார்கள். உள்ளே போகும்போது சாதாரணத் துப்பாக்கி. குழலும் சிலிண்டரும் மாறி வெளியே வரும்போது அது காட்டெருமையையே சாய்க்கும் ஐந்நூறு காலிபர். தோட்டா அவ்வளவு தடிமன் என்பதால் ஆறு அறை இருந்த சிலிண்டரில் ஐந்துதான் கொள்ளும். 'பென்ரோட் ஐந்நூறு' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும். குளிரட்டுமே, சும்மா வந்த பெயரா அது?

அப்படிப்பட்டவரிடம்தான் ஏப்ரலில் ஒரு நாள் காலையில் வெர்லீன் ஹாட்ச் வந்தாள். இடுப்பிலிருந்த பழைய ரிவால்வரை எடுத்துத் தோட்டாக்களை உருவிவிட்டு மேசைமேல் வைத்தாள். முந்நூற்று ஐம்பத்தேழு காலிபர். ஒவ்வொரு முறையும் பின்னாலிருக்கும் சுத்தியலைக் கட்டை விரலால் இழுத்துவிட்டுத்தான் சுட வேண்டும்.

"இதை நாப்பத்து நாலு ஸ்பெஷலா மாத்திக் குடுங்க ஹாலிஸ்." முந்நூற்று ஐம்பத்தேழு என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் கணக்கு, நாற்பத்து நான்கு நூற்றில் கணக்கு; எண் சின்னதானாலும் துளை பெரிது, ஆனால் ஐந்நூறைவிட உதை மிகக் குறைவு.

"எதுக்கு, அணில் சுடவா?"

"கரடிக்கு."

"கரடிக்கா!" ஹாலிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டப் போறியா?"

வெர்லீனுக்கு நாற்பத்தேழு வயது. கோவேறு கழுதைகள்மேல் சாமான் ஏற்றி, மான் வேட்டைக்கு வருகிறவர்களை மலைக்குள் கூட்டிப்போவது அவள் தொழில். ஒரு கழுதை உதைத்து உடைந்த வலது மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியிருந்தது. ஆனால் அந்தக் கையால் அவள் போடும் மூட்டைக்கட்டு அவிழ்ந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.

போன செப்டம்பரில் அவள் முகாமுக்குக் கரடி வந்ததை ஊரே பேசியது. ஆனால் சுட்ட கதையை அவள் வாயால் ஹாலிஸ் கேட்டது அன்றைக்குத்தான்.

"கரடி நாட்டுக்கு அந்தச் சின்னத் துப்பாக்கியோட போகாதேன்னு எங்க அண்ணன் காஸ் அவனோட பெரிய துப்பாக்கியை என் இடுப்புல கட்டி அனுப்பினான். முதல் குண்டு கரடிக்கு மேல போயிடுச்சு. துப்பாக்கி எகிறி என் நெத்திக்கு வந்தது. நான் அதைக் கீழ இறக்கி, விரலால சுத்தியலை இழுக்கறதுக்குள்ள கரடி பிஸ்கட் மேல இருந்துச்சு." பிஸ்கட் அவளுடைய முன்னோடிக் கழுதை, பதினாறு வருடம் வரிசைக்கு முன்னால் நடந்தது. "அதுக்கு அடுத்து, பாஸ்டன்லேருந்து என்கூட வேட்டைக்கு வந்த டாக்டர் நின்னுக்கிட்டிருந்தார். கரடிக்குக் கழுதை போதும்னு பட்டதால அவர் பிழைச்சார். ஜூன்ல திரும்ப மேல போறேன். முதல் குண்டு தப்பும், ஹாலிஸ். யாருக்கும் தப்பும். எனக்கு ரெண்டாவது வேணும்."

"முதல் குண்டே பெருசா இருந்தா ரெண்டாவது எதுக்கு?"

"பட்டாத்தானே பெருசு சிறுசு?"

ஹாலிஸுக்குச் சுருக்கென்றது. இந்த வாய்க்குத்தான் கழுதைகள் அடங்கி நடக்கின்றன போலும் என்று நினைத்துக்கொண்டார். தன் சொந்த ஐந்நூறை உறையிலிருந்து உருவினார். "வா, பின்னாடி போவோம். சுட்டுப் பாத்துட்டுப் பேசு. எல்லாம் பழக்கம்தான்."

பட்டறைக்குப் பின்னால் மண்மேடு. அதன் முன்னால் வறுவல் சட்டி அளவில் ஓர் இரும்புத் தகடு தொங்கும். அந்த இடத்தில்தான் ஹாலிஸ் தன் வாடிக்கையாளர்களைச் சோதிப்பார். நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே, அவர்களுக்குத் தெரியாமல், மருந்தில்லாத பொய்த் தோட்டா ஒன்றைச் சொருகிவிடுவார். அதன்மேல் சுத்தியல் விழும்போது சத்தமும் இருக்காது, உதையும் இருக்காது. ஆனால் வரப்போகும் உதைக்குக் கை பயந்திருந்தால், குழலின் முனை தானாகக் கீழே சரிந்து காட்டிக்கொடுத்துவிடும். வெடிக்கும் தோட்டாவில் இது தெரியவே தெரியாது. சத்தமும் உதையும் மூடிவிடும். "மண்ணைக் கும்பிடுது பாரு!" என்று ஹாலிஸ் தொடையில் தட்டிச் சிரிப்பார். ஆறடி ஐந்தங்குல ஷெரிஃப் ஒருவரும் காட்டுக்குதிரை ஓட்டும் வீரன் ஒருவனும் அந்தச் சிரிப்புக்குத் தப்பவில்லை. இருபது வருடமாக இந்த வேடிக்கை நடக்கிறது. அவரை வைத்து யாரும் செய்து பார்த்ததில்லை. யாருக்குத் துணிச்சல் வரும்?

இருவரும் காதடைப்பான் மாட்டிக்கொண்டார்கள். வெர்லீன் ஐந்நூறால் இரண்டு முறை சுட்டாள். ஒன்று தகட்டின் விளிம்பில் பட்டது. மற்றது மேட்டைத் தாண்டியே போயிருக்கும். கோணல் மணிக்கட்டு சிவந்துவிட்டது. அவள் துப்பாக்கியைக் காலி செய்து, கையை உதறினாள்.

"போகப் போகச் சரியாகும்" என்றார் ஹாலிஸ். "நிரப்பிக் குடு. நான் சுடறதைப் பாரு."

அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு, பெட்டியிலிருந்து தோட்டாக்களை எடுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் சுட்டது அழகு. கால்களை அகட்டி நின்று, கட்டை விரலால் இழுத்து, ஒன்று. தகடு அலறிக்கொண்டு எகிறியது. இரண்டு. மூன்று. நான்கு. நான்கும் நட்ட நடுவில். வெர்லீன் தன்னை அறியாமல் "அடேயப்பா" என்றாள். ஹாலிஸ் மீசைக்குள் சிரித்தபடி ஐந்தாவதுக்குச் சுத்தியலை இழுத்தார்.

டிக்.

வெடிக்கவில்லை. ஆனால் குழலின் முனை நான்கு விரற்கடை கீழே இறங்கி, தகட்டை விட்டுவிட்டு மண்ணைப் பார்த்தது.

ஹாலிஸ் அப்படியே நின்றார். ஆற்றில் பனிக்கட்டி உடைந்து போகிற ஓசை காதடைப்பானையும் மீறிக் கேட்டது.

"நாலுதான் போட்டியா?" என்றார் கடைசியில்.

"ஆமா. ஒண்ணைக் காலியா விட்டுத்தானே போடணும்?" அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "சுத்தியலுக்கு அடியில வெத்து அறை இருக்கணும்னு எங்கப்பா... ஓ. உங்களுதுல அது தேவையில்லையா?"

தேவையில்லைதான். பழைய ரிவால்வர்களில் சுத்தியல் தோட்டாவின்மேலேயே உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்தால் வெடித்துவிடும் என்று ஒரு அறையைக் காலியாக விட்டுத்தான் சுமப்பார்கள். ஹாலிஸ் செய்வது புதிய வகை, ஐந்தையும் நிரப்பலாம். அவள் எந்தச் சூதும் செய்யவில்லை. அவள் அப்பன் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் கை தானாகச் செய்தது, அவ்வளவுதான்.

இப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த ஊரில் பொய்த் தோட்டாச் சோதனையைப் பற்றித் தெரியாதவர்கள் யார்? மண்ணைக் கும்பிடுது பாரு என்று அவள் சொல்லியிருந்தால், சாயங்காலத்துக்குள் ஊரே சொல்லியிருக்கும். சொல்வாள் என்று காத்துக்கொண்டுதான் நின்றார் ஹாலிஸ். காது மடல் சுட்டது.

வெர்லீன் ஆற்றைப் பார்த்தாள். "குளிரு ஏறுது. காப்பி இருக்கா?" என்றாள்.

அந்த ஒரு கேள்விக்காகவே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

காப்பி குடித்தார்கள். எத்தனை வருடமாக இந்தக் கை பயந்துகொண்டிருக்கிறது? சத்தமும் உதையும் மறைத்ததில் தனக்கே தெரியாமல் போயிற்றே! பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு நாற்பத்து நான்கு ஸ்பெஷலை எடுத்து வந்தார். ஆறு அறையையும் தானே நிரப்பினார். அதில் மூன்று பொய்த் தோட்டா.

"இதையும் சுட்டுக் காட்டிடு."

"எத்தனை பொய் இருக்குன்னு கேக்க மாட்டேன்" என்றாள் அவள்.

வெளியே போய் நின்றாள். டிக். டிக். தகடு அலறியது. டிக். மறுபடி தகடு, மறுபடி தகடு. ஹாலிஸ் தகட்டைப் பார்க்கவே இல்லை. குழலின் முனையை மட்டுமே பார்த்தார். மூன்று பொய்த் தோட்டாவுக்கும் அது ஒரு மயிரிழைகூட அசையவில்லை. நிஜத் தோட்டாவுக்கு லேசாக எழுந்து, அவள் சுத்தியலை இழுத்து முடிப்பதற்குள் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. உடைந்து கூடிய கோணல் மணிக்கட்டா இது! அவர் ஐந்நூறால் ஒன்று சுட்டுச் சுதாரிக்கும் நேரத்தில் இவள் மூன்று சுடுவாள். நாற்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு கையை அவர் பார்த்ததில்லை.

"குண்டு எங்க வாங்குவே?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

"நானே வார்ப்பேன். கெட்டி ஈயம், மூக்கு தட்டை. நீளமா ஆழமாப் போகும்."

"போகும்" என்று ஒப்புக்கொண்டார். காலையிலேயே அவருக்குத் தெரிந்த விஷயம்தான் அது. "ஒண்ணு சொல்லிடறேன் வெர்லீன். துளையைப் பெருசாக்கிட்டா, அப்புறம் சின்னதாக்க முடியாது. நல்லா யோசிச்சிட்டியா?"

"செப்டம்பர்லேருந்து வேற எதையும் யோசிக்கலை."

ஐந்து வாரம் அந்த வேலையில் அவர் வேறு யாரையும் கை வைக்க விடவில்லை. சிலிண்டரின் அறைகளை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிச் சுற்றி நாற்பத்து நான்குக்குத் திறந்தார். புதுக் குழல் பொருத்தினார். அவளுடைய கோணல் கையின் கட்டை விரலுக்கு எட்டும்படி, சுத்தியலில் விரல் வைத்து இழுக்கும் வாலைத் தாழ்த்தி வளைத்தார். அவள் கேட்காத வேலை அது.

மே மாதக் கடைசியில், உள்ளூர் உணவகத்திலிருந்து மிளகாய்க் கறியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் பொட்டலம் கட்டிக்கொண்டு வெர்லீன் வந்தாள். துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் கட்டை விரல் சுத்தியலைத் தேடிப்போய் உட்கார்ந்தது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள்.

பிறகுதான் மேசைமேல் இன்னொன்று இருப்பதைக் கவனித்தாள். அவளுடையதைப் போலவே பழைய முந்நூற்று ஐம்பத்தேழு. அதே நாற்பத்து நான்குக்குத் திறந்த சிலிண்டர். ஹாலிஸின் இடுப்பைப் பார்த்தாள். உறை காலி. ஐந்நூறு சுவரில் ஆணியில் தொங்கியது.

"இது யாருக்கு?"

"ஒரு பயந்தாங்கொள்ளிக்கு" என்றார் ஹாலிஸ், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

வெர்லீன் தன் துப்பாக்கியில் ஒன்று போட்டு, ஒன்று விட்டு, மேலும் நாலு போட்டாள். சுத்தியலை வெற்று அறைமேல் மெதுவாக இறக்கி, உறையில் செருகினாள்.

"அந்த ஆளுகிட்டச் சொல்லுங்க" என்றாள். "ஒரு அறையைக் காலியா விடச் சொல்லி."